வாரம் ஒரு வெற்றி

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்ப்பதற்கும் முன்பாக, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பிரகடனம் செய்தார்.

"இனிமே இந்த வீட்ல வருஷத் திட்டமே கிடையாது. எல்லாம் வாரத் திட்டம்தான்!"

மனைவி டீ ஆற்றிக்கொண்டே திரும்பினாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவள். யார் எந்தப் பக்கம் திரும்பினாலும் பதறாதவள்.

"போன வருஷத் திட்டம் என்னங்க ஆச்சு? கிட்டார் கத்துக்கறேன்னீங்களே?"

"கிட்டார்னு பேரு வச்சதே தப்பு. கிட்டவே மாட்டேங்குது. அதெல்லாம் தூரப்பார்வை. இனிமே கிட்டப்பார்வை. ஒரு வாரம், ஒரு இலக்கு. முடிச்சோமா, அடுத்தது! ஆனா ஒரு விதி. இலக்கை நோக்கிப் போறவனை வீட்டு வேலை சொல்லிக் குறுக்க மறிக்கக் கூடாது."

திட்டத்தின் உயிரே அந்த விதிதான். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

"சரிங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் 'சரிங்க'வை வாங்க உண்ணாவிரதமே இருக்கவேண்டி வரும் என்று நினைத்திருந்தார்.

"அப்போ முதல் வாரம் கிட்டார். ஒரு முழுப் பாட்டு!"

"ஒரே வாரத்துலயா? பெரிய இலக்கா இருந்தா உடைச்சுக்கணும். அதுதானே உங்க திட்டம்?"

"ஆமா... உடைக்கணும்."

"வாசிக்க இடம் வேணுமே. முன் ரூம்ல காலை வச்சா எடுக்க முடியல. இந்த வாரம் அதை ஒழிச்சிடுங்களேன்."

இது வீட்டு வேலையாச்சே என்று ஒரு நிமிடம் உறைத்தது. சேச்சே, இலக்கு! வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சுற்றாத மின்விசிறி, காலில்லாத நாற்காலி, நாற்காலியில்லாத கால் எல்லாம் வெளியே போயின. அவர் போட்ட தும்மலில் தெருநாய்கள் இடம் மாறின.

மனைவி வந்து பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா! வருஷம் பூரா நடக்காதது ஒரே வாரத்துல நடந்துடுச்சே!"

அவ்வளவுதான். அவருக்குத் தலை கால் புரியவில்லை. கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவரிடமும் உபதேசம்.

"கடைசி வரி தெரியலையா? பரவாயில்ல சார். வாரம் ஒரு எழுத்தா படிச்சுப் பழகுங்க."

வந்தவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் சுவர். "பொரிஞ்சு கிடக்கு. வெளிர் மஞ்சள் அடிச்சா சுருதி நல்லாச் சேருங்க" என்றாள் மனைவி. சுவருக்கும் சுருதிக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அடித்தார். சுவருக்குப் பாதி, அவருக்குப் பாதி.

அதற்கடுத்த வாரம், திறக்கவே வராத தெருப்பக்கக் கதவு.

"அது எதுக்கும்மா இப்போ?"

"பாட்டுக் கேக்க வர்றவங்க அடுப்படி வழியாவா வருவாங்க?"

கேக்க வர்றவங்க! அவர் கண்ணுக்குள் ஒரு கூட்டமே கைதட்டியது. கதவைச் சரிசெய்தார். யாரும் கேட்காமலே வாசலுக்கு ஒரு படியும் கட்டினார்.

ஒருவழியாகக் கிட்டார் வாரம் வந்தது. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன் ரூம் கதவைத் திறந்தார்.

கூட்டம் வந்திருந்தது. ரூம் நிறையப் பெண்கள். மஞ்சள் சுவரில் சாலைக் குறிகளின் படங்கள். அதற்கு முன்னால் கையில் பிரம்போடு மனைவி. தெருக்கதவோரம், மாட்டத் தயாராக ஒரு புதுப் பலகை: 'பெண்களுக்கான கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி'.

அவர் அவளை ஓரமாக அழைத்தார். "என்ன இது?"

"என் இலக்குங்க. எத்தனை நாள் இன்னொருத்தர் ஸ்கூல்லயே வேலை பார்க்கறது? எல்லாம் தயார். இடம்தான் கிடைக்காம இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"இலக்கை நோக்கிப் போறவரை எப்படிங்க குறுக்க மறிக்கறது?"

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அது இப்படிப் பளபளத்ததில்லை. கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

முன்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், நாங்க தப்பா ஓட்டினா?"

"பயப்படாதீங்க. பயிற்சி கார்ல என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஸ்டியரிங் பிடிச்சிருக்கறவங்க தாங்கதான் ஓட்டறோம்னு நினைச்சுப்பாங்க. நானும் நினைச்சுக்கட்டும்னு விட்டுடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பின்னாடி சில பேர் நின்னுக்கிட்டே இருக்காங்க பாருங்க" என்றாள் மனைவி.

அவர் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்டார்:

"இந்த வாரம் எத்தனை நாற்காலி?"