கிராணி ரபேலின் பெயர் விளக்கம்

"ஐயா, சும்மா ஒரு தடவை தொட்டு விடுங்க. வீக்கம் தானா வத்திடும்," என்று காளியம்மா காலை நீட்டினாள்.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆட்களைப் புல் வெட்ட அனுப்பிவிட்டு, அவர்கள் வேலையைப் பார்வையிடப் போகுமுன் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்த தோட்டக் கணக்கரான கிராணி ரபேல் ரொட்டியைக் கீழே வைத்தார். மலேயாவில் ரெங்கத்தை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் மருத்துவம் அவர் பணியன்று. பிழை அவருடையதே. ஞாயிறு ஜெபம் முடிந்ததும், ஒருவரும் கேட்காமலே தம் பெயருக்குப் பொருள் கூறியிருந்தார்: "'ரபா' என்றால் குணமாக்கினார், 'ஏல்' என்றால் கடவுள். எபிரேய மொழி!" அது மறுநாளே தொழிலாளர் குடியிருந்த லயம் முழுதும் பரவிவிட்டது.

"அம்மா, குணமாக்குபவர் கடவுள். நான் வெறும் கிராணி," என்றார் பணிவுடன்.

"பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

அவளை அனுப்பினால் போதுமென்று ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். மறுநாள் புல்வெட்டுக் கும்பலில் பாதி வாசலில் நின்றது.

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சந்தனசாமியின் மகள் கெர்ட்ரூடை ரபேலுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மாமனாரின் நோயாளிகளை மருமகன் கவர்வதா? எனவே அனைவரையும் அமரவைத்து, சொல்லின் வேரிலிருந்து விளக்கினார். ரபேல் என்ற வானதூதர் மீனின் பித்தத்தால் ஒரு முதியவரின் பார்வையை மீட்ட வரலாற்றையும் உரைத்தார். அது வானதூதரின் செயல், கிராணியின் செயலன்று என்றும் வலியுறுத்தினார்.

"இன்னொரு தரம் சொல்லுங்கய்யா," என்றாள் வெள்ளையம்மா.

தம் புலமைக்கு இத்தனை மதிப்பா! அவர் மீண்டும் சொன்னார். முதலிலிருந்தே சொன்னார்.

அடுத்த நாள் வெள்ளையம்மா, கண் மங்கிய கணவனோடும் ஒரு கெளுத்தி மீனோடும் வந்தாள். ரபேல் கையில் திணிக்கப்பட்ட அம்மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மன்றாடிக்கொண்டிருந்தபோது டிரஸ்ஸர் வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, என் ஆஸ்பத்திரி காலியா கிடக்கு. இங்க புதுசா ஒண்ணு தொறந்திருக்கீங்களாமே?"

"மாமா, தயவுசெய்து மன்னிக்கணும். இது வெறும் சொல்லாராய்ச்சி..."

"கையில மீனோடயா?"

ரபேல் மீனை முதுகுப்புறம் மறைத்தார்.

"இதுல ஒருத்தர் உங்களால குணமாச்சுன்னு சொன்னாலும் கல்யாணம் கிடையாது!" டிரஸ்ஸர் பையிலிருந்து விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து, வாசல் கூட்டத்தில் நின்ற காளியம்மாவிடம் திரும்பினார். "சொல்லு, கால் குணமாயிடுச்சா? ஆகலேன்னா இதை முழுசா குடி."

காளியம்மா ரபேலைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள்.

"எனக்கு நோயே இல்லீங்க டிரஸ்ஸர் ஐயா! கிராணி ஐயா இங்க உட்கார்ந்து பேருக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டிருந்தா, புல்லு வெட்டுற இடத்துல எங்களைத் தேட யாரு வருவா?"