எட்டுச் சங்கதி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மனைவியை ஒரு தடவைகூடப் பேசி ஜெயித்ததில்லை. இன்று ஜெயித்தே தீருவது!

இதற்காக ஒரு வாரமாக நூலகத்து அகராதியில் ஒரே ஒரு சொல்லை நெட்டுருப் போட்டிருந்தார். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"பந்தயம்! ஒரு சொல்லுக்கு நீ அர்த்தம் சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை பாத்திரம் நான் துலக்குறேன். தெரியலைன்னா என்னைத் துலக்கச் சொல்ற பேச்சையே இனிமே எடுக்கக்கூடாது."

"சரிங்க. என்ன சங்கதி?"

"அதேதான்!" என்று துள்ளினார். "சங்கதின்னா என்ன?"

"விஷயம்."

"தப்பு! நான் கேக்கிறது சங்கீதத்துல!"

மனைவி ஊசியில் நூல் கோத்தபடி உதட்டைப் பிதுக்கினாள். "அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? தோத்துட்டேன்."

தோத்துட்டாள்! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "சம்னா ஒண்ணா. கதின்னா போக்கு. ஒண்ணாச் சேந்து போறது சங்கதி. பாட்டுல ஒரே வரியை, வார்த்தையை மாத்தாம, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலா அழகு சேத்துப் பாடுறது!"

"பாடிக் காட்டினாத்தானே புரியும்?"

"என்ன வரி பாடட்டும்?"

"ஏதோ ஒண்ணு... 'பாத்திரம் நானே துலக்குவேன்'னு பாடுங்க."

ஜெயித்த மனுஷனுக்கு வரியா முக்கியம்? ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தடவை 'நானே'வை இழுத்தார். நாலாவதில் 'துலக்குவேன்' தரைத்தளத்தில் கிளம்பி ஏழாம் மாடியில் போய் நின்றது. ஆறாவதில் பக்கத்து வீட்டு வயலின் வாத்தியார் வாசலுக்கே வந்து தொடையில் தாளம் போட்டார். எட்டாவது முடிந்தபோது தாழ்வாரம் பூராக் கைதட்டல்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் மனைவி. "எட்டுத் தடவை வாக்குக் கொடுத்திருக்கார். எட்டு ஞாயித்துக்கிழமை!"

"அடியே, பந்தயத்துல ஜெயிச்சது நான்!"

"யாரு இல்லைன்னா? நான் அடிதான் எடுத்துக் கொடுத்தேன். 'நானே... நானே'ன்னு இழுத்தது நீங்கதானே?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. முழங்கைவரை சோப்பு நுரையோடு அவர் ஜன்னல் வழியாக வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"சார், சங்கதின்னா ஒண்ணாச் சேந்து போறதுதானே? அதுவாவது சரியா?"

"ரொம்பச் சரி. முந்தாநாள்தான் உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்க. 'எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல சங்கதி, சங்கதின்னு உளர்றார், அப்படின்னா என்ன சார்'னு!"