மாமனார் பெயரில் கொடுக்கப் போன ரத்தம்

நான் சந்தேகப் பேர்வழி. டயரில் காற்று சரியாக இருக்கிறது என்று பஞ்சர் கடைக்காரர் சத்தியம் செய்தாலும், நாலையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடிமெட்டுக்கு ஜீப்பு ஏற்றுவேன். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பேன். (கவின், உன்னுடைய, தங்கச்சியுடைய மார்க் அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் அதனால்தான், மன்னியுங்கள்.) இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், ஒன்றை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். என் உடம்பை.

கவின், அப்போது நீ அம்மா வயிற்றில் மூன்று மாதம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவள் சொன்னாள்: "என்னங்க, உங்களையும் நம்பிக்கை மையத்துக்கு வரச் சொன்னாக."

பெயரைக் கேட்டு ஏதோ சீட்டுக் கம்பெனி என்றுதான் நினைத்தேன். எச்.ஐ.வி., மேக நோய் எல்லாம் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிற இடமாம். அவளுக்குப் பார்த்தாகிவிட்டதாம், ஒன்றும் இல்லையாம். அடுத்து நான்.

"எனக்கு எதுக்கு? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லா வீட்டுக்காரரையும்தான் கூப்புடுறாக."

"மேல லோடு கெடக்கு. சோலி இருக்கு."

ஒரு மாதம் லோடு கிடந்தது. ஒருநாள் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "ஜீப்புக்கு ஆயில் பாக்கத் தெரியுது. ரத்தம் பாக்க மட்டும் ஏன் இப்புடி நழுவுறீக?" என்னிடமிருந்த ஒரு வியாதி அவளுக்குத் தொற்றிவிட்டது. சந்தேகம்.

நழுவக் காரணம் இருந்தது. நீங்கள் இருவரும் வளர்ந்துவிட்டீர்கள், சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு, ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி ஜீப்பு ஓட்டிய நாளில், ஒரு தவறு செய்தேன். புண் இல்லை, காய்ச்சல் இல்லை, மூட்டை தூக்குகிறேன், மலையேறுகிறேன், எனக்கு என்ன வந்துவிடும் என்று அப்படியே இருந்துவிட்டேன். இப்போதுதான் உறைத்தது. எனக்கு ஏதாவது இருந்தால் அம்மாவுக்குப் போய், அவள் வழியாக உனக்குமல்லவா போகும்?

ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். போடி வெயிலில், மலைக்குப் போடுகிற குரங்குக் குல்லாவும் மப்ளருமாக. (ஆள் தெரியக் கூடாதாம். ஆஸ்பத்திரி முழுக்க என்னைத்தான் பார்த்தது.)

சீட்டு எழுதுகிறவர், "பேரு?" என்றார். சொந்தப் பெயர் வாயில் வரவில்லை. உலகத்திலேயே நான் அதிகம் பயந்த மனிதரின் பெயர் வந்து விழுந்தது. "சின்னச்சாமி." அது என் மாமனார், உங்கள் தாத்தாவின் பெயர்.

"எதுக்கு வந்தீக?"

"வீட்டுல நாலு மாசம்."

இரண்டையும் எழுதினார். சீட்டை மையத்து வாசலில் கொடுத்துவிட்டுத் தூண் மறைவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், "சின்னச்சாமி, உள்ள வாங்க" என்று குரல் வந்தது. நான் எழுவதற்குள் எதிர் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். சிலமலையிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த நிஜச் சின்னச்சாமி.

"பரவால்லையே, வெரசா கூப்புட்டுட்டாக" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். தடுத்திருக்கலாம். தடுத்தால் குல்லாவைக் கழற்ற வேண்டும்.

கதவு மூடியது. உள்ளே ஆலோசகர் மெதுவாகத்தான் பேசினார். தாத்தாவுக்கு மெதுவாகப் பேச வராது; அவர் பேச்சு மட்டும் வெளியே கேட்டது.

"யாரு நாலு மாசம்?"

"..."

"எம் பொண்டாட்டியா? ஏத்தா, அவளுக்கு அம்பத்தேழு வயசு."

"..."

"எனக்கே தெரியாமயா?"

வரிசையே மாத்திரையை மறந்து கதவைப் பார்த்தது. தாத்தா வெளியே வந்தார். அப்படி ஒரு சந்தேகத்தை நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. பின்னால் வந்த ஆலோசகர், "இன்னொரு சின்னச்சாமி யாருங்க?" என்றார். எல்லாத் தலைகளும் குல்லாவை நோக்கித் திரும்பின.

தாத்தா கிட்டே வந்து என் மப்ளரை இறக்கினார்.

"மாப்ளே, நீங்க எப்ப நானா ஆனீக?"

உள்ளே ஆலோசகர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. பழைய தவறைச் சொன்னேன்.

"அப்பவே வந்திருக்கணும்ண்ணே. நெறையப் பேருக்கு இது வெளிய ஒண்ணுமே காட்டாது. அப்படி ஒண்ணு நடந்தா உடனே வந்து கேக்கணும். உடனே பாத்தா ரத்தத்துல தெரியாமலும் போகும், அதனால மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் பாத்துக்கறது நல்லது. புள்ள உண்டானா ரெண்டு பேரும் பாக்கணும். இருந்தாலும் மருந்து இருக்கு, புள்ளையக் காப்பாத்தலாம். தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

சொந்தப் பெயரில் ரத்தம் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தாளை மூன்று முறை வாசித்தேன், பெயரையும் சேர்த்து. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன், தவறையும் பெயர் மாறிய கதையையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பெற்ற அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லியிராதவள், கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்:

"சின்னச்சாமி, ரசம் ஊத்தவா?"

கவின், போன வாரம் உன்னைக் கோயம்புத்தூருக்கு, காலேஜுக்கு, பஸ்சு ஏற்றிவிட வந்த தாத்தா சன்னல் வழியாக ஒன்று சொன்னாரே, நீயும் தங்கச்சியும் விவரம் புரியாமல் வழக்கம்போலச் சிரித்தீர்களே, அதன் கதை இதுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒம் பேரையே சொல்லுடா அப்பு. இந்த வயசுல எனக்கு இன்னொரு புள்ள வேணாம்."