அம்சம் வேண்டாமென்று சொன்ன வேன்

மனைவி அம்சம் சொன்னதற்கு நேர் எதிராக ஒரு காரியம் செய்து, அதில் ஜெயித்தும் காட்டிவிட வேண்டும் என்று அம்மாப்பேட்டை உரக்கடை தியாகேசன் முடிவெடுத்தது ஒரு வைகாசி மாதத்துச் சாயங்காலம். எதிராகச் செய்வது அவருக்குப் புதிதில்லை. ஜெயிப்பதுதான் புதிது.

மனைவி பேச்சைக் கேட்காமல் அவர் வாங்கிய மாடு, கறக்கப் போனவர்களையெல்லாம் உதைத்தது. கேட்காமல் போட்ட வாழை, குலை தள்ளிய வாரமே காற்றில் சாய்ந்தது. கேட்காமல் அவரே பிளான் போட்டுக் கட்டிய மாடிப்படி, மாடிக்குப் போகாமல் சுவரில் போய் முட்டியது. இதற்கெல்லாம் அசருகிறவர் தியாகேசன் இல்லை. இந்தத் தடவை அவர் மனதில் இருந்தது ஒரு வேன்.

"அம்சம், நான் ஒரு பழைய வேன் வாங்கப் போறேன்."

"எதுக்கு, உரம் ஏத்தவா?"

"உரமா? இது வின்டேஜ். வின்டேஜ்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"பழைய இரும்புக்காரன் வேணாம்னு விட்டுட்டுப் போனது."

"செல்லுல பாரு. கேரளாவுல ஒருத்தன் பழைய வேன வாங்கி, பிரிச்சு மேஞ்சு, உள்ள சோபா போட்டு, அரண்மனையாட்டம் ஆக்கி வச்சிருக்கான். நானும் பண்ணப் போறேன். டிசைன் பூரா என்னோடது. தஞ்சாவூர் ஜில்லாவே திரும்பிப் பாக்கும்."

"உங்க மாடிப்படியவே ஜில்லா இன்னும் பாத்து முடிக்கல."

தியாகேசன் இதைக் கண்டுகொள்ளவில்லை. அம்சம் கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்.

"வாங்குறதுதான் வாங்குறீங்க, எங்க வேணா வாங்குங்க. ராஜகிரி இப்ராஹிம் பாய் ரைஸ் மில்லு பக்கம் மட்டும் போயிடாதீங்க. அங்க ஒரு மேட்டடார் வேன் கெடக்குதாம். அது நமக்கு வேணவே வேணாம். இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு தியாகேசன் ராஜகிரியில் இருந்தார்.

வேன் என்றாலே அம்சத்துக்கு ஏன் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். காரணமே அவர்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசியில், திருக்கருகாவூரில் அவருடைய மாப்பிள்ளை அழைப்பு. கும்பகோணத்திலிருந்து பூ ஜோடித்த திறந்த கார் வர வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அடை மழை. கார் வழியிலேயே தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. நல்ல நேரம் தப்பிவிடுமே என்று மாமனார் தவித்துப் போனார். விதைநெல் மூட்டை ஏற்றியிருந்த தன் வேனை அவசரமாகக் காலி செய்தார். ஜமுக்காளத்தை விரித்தார். மாப்பிள்ளையை ஏற்றினார்.

தலையில் தலைப்பாகை, கழுத்திலிருந்து மூக்கு வரை மாலை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை தியாகேசன் கண்ணுக்குத் தெரிந்தது மஞ்சளாக ஒரு தகரமும் நிறைய மல்லிகைப் பூவும்தான். ஆனால் நெல்லுச் சுணை அவரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. இறங்கும்போது கதவோரத்து இரும்புக் கொக்கி ஒன்று பட்டு வேட்டியைப் பிடித்து, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் கிழித்தது. கல்யாண ஆல்பத்தில் தியாகேசன் கழுத்தைச் சொறியாத படம் என்று ஒன்று கிடையாது.

அந்தக் கிழிந்த வேட்டியை அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். காதுகுத்து, சீமந்தம், கிரகப்பிரவேசம், எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் ஆரம்பித்துவிடுவார். "என்னைய எதுல அழைச்சாங்க தெரியுமா? நெல்லு மூட்டையோட மூட்டையா." கூட்டம் சிரிக்கும். மாமனார் தலையைக் குனிந்து, தோள் துண்டைச் சரி செய்துகொண்டு, "தப்புதான் மாப்ள" என்பார். அம்சம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இப்போது ஆவணியில் அம்சத்தின் தம்பி பிரபு மகள் வானதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்திரையிலேயே அம்சம் கேட்டுப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு எண்பது ஆகுது. வானதி கல்யாணத்துல புது சம்பந்தி முன்னாடி அந்தக் கதைய எடுக்காதீங்க."

"நடந்ததத்தானே சொல்றேன்?"

"நடந்தது ஒரு தடவ. நீங்க சொன்னது ஆயிரம் தடவ. அவரு ஒவ்வொரு தடவையும் குனியிறாரு, என்னால பாக்க முடியல."

"பொய்யா சொல்றேன்? வேட்டி சாட்சி இருக்கு."

அதற்குப் பிறகு அம்சம் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டபோதே தியாகேசன் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு இட்லி வைத்துக்கொண்டார்.

ராஜகிரி மில்லில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது அந்த நீல நிற மேட்டடார். பார்த்த உடனே தியாகேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்ராஹிம் பாய் சாவியை நீட்டினார்.

"நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

வியாபாரிகள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். தியாகேசனும் ஒரு வியாபாரிதானே, அவருக்குத் தெரியாதா. பேரம் பேசி, லாரியில் ஏற்றி, தஞ்சாவூர் ஜாஃபர் சாதிக் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினார். அம்சம் வேண்டாமென்று சொன்ன அதே வேன் என்ற நினைப்பே அவருக்குப் பாதி சந்தோஷம்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிறைந்து, ஊரே நடவில் இறங்கியபோது தியாகேசன் பட்டறையில் இறங்கியிருந்தார். கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார். இவர் வேனைப் பார்த்துக்கொண்டார். ஜாஃபர் நீலத்தைச் சுரண்டினான். அடியில் மஞ்சள் தெரிந்தது.

"அந்தக் காலத்து வேனெல்லாம் மஞ்சள்தான் தம்பி" என்றார் தியாகேசன், எல்லாம் தெரிந்தவராக.

தளப் பலகையைப் பெயர்த்தபோது குப்பென்று ஒரு வாடை.

"அண்ணே, நெல்லு வாடை அடிக்குது. பலகையத் தூக்கிப் போட்டுடலாமா?"

"தூக்கிப் போடுறதா? தேக்குடா. அது வாடை இல்ல, வாசனை. பழைய வண்டின்னா ஒரு வாசனை இருக்கணும். காசு குடுத்தாலும் கெடைக்காது."

"கதவோரத்துல ஒரு கொக்கி நீட்டிக்கிட்டு நிக்குது. மூட்டை கட்டுறதுக்கு யாரோ வெல்டு வச்சிருக்காங்க. அறுத்துடுறேன். ஏறி எறங்குறப்ப வேட்டிய கிழிக்கும்."

"கை வைக்காத. அது ஒரிஜினல் ஐட்டம். வேட்டிய ஒழுங்கா கட்டத் தெரியாதவன்தான் அதுல கிழிச்சுக்குவான்."

ஜாஃபர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கொக்கிக்குப் பாலீஷ் போட்டான்.

அந்த வாரம் முழுக்க தியாகேசனுக்குக் கழுத்து அரித்தது. அம்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

"எதோ ஒவ்வாம" என்றார் அவர்.

"ஆமா, பழைய ஒவ்வாம" என்றாள் அவள். தடவும்போது அவள் சிரித்தது முதுகுப் பக்கம் என்பதால் அவருக்குத் தெரியவில்லை.

ஆடி முடிவதற்குள் வண்டி தயார். சந்தன நிறத்தில் உடம்பு, இடுப்பில் ஒரு பச்சைக் கோடு. உள்ளே அரக்கு நிற சோபா, தேக்குப் பலகை, ஜன்னலுக்குத் திரை, கூரையில் குட்டி மின்விசிறி. நெற்றியில் 'சோழ ரதம்' என்று பெரிய எழுத்து. எங்கள் ஜில்லாவில் டீக்கடைக்கும் சோழன் பெயர்தான், பூச்சிமருந்துக்கும் சோழன் பெயர்தான். ஆனால் இந்த வண்டிக்கு அந்தப் பெயர் தகும் என்று பார்த்தவர்கள் எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. பெரிய கோயில் பக்கம் ஓட்டிக்கொண்டு போனபோது சுற்றுலா வந்தவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தியாகேசனுக்குச் சட்டை இரண்டு சுற்றுச் சிறியதாகிப் போனது.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். அம்சம் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மாடு, வாழை, மாடிப்படி எதற்கும் கிடைக்காத சர்டிபிகேட். தியாகேசன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"வானதி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதுலதான்" என்றார்.

"ஐயையோ, வேணாங்க. பிரபு கும்பகோணத்துல காரு பேசி வச்சிருக்கான். வேன்ல அழைச்சா மாப்பிள்ளை வீட்டுல கொறையா நெனப்பாங்க."

வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் தியாகேசன் வண்டியைத் திருப்பிவிட்டார். நேரே திருக்கருகாவூர். அம்சம் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அங்கே பந்தல்கால் ஊன்றியிருந்தார்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். வண்டியைப் பார்க்கத் தெருவே கூடியது. மாமனார் மெல்ல நடந்து வந்தார். கதவைத் தொட்டார். கொக்கியைத் தடவினார். அப்புறம் மகளைப் பார்த்தார். அம்சம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் கைவேலையைப் பார்த்து உருகிவிட்டார் பாவம் என்று நினைத்தார் தியாகேசன்.

"மாமா, மாப்பிள்ளை அழைப்பு இதுலதான். காரை நிறுத்தச் சொல்லுங்க."

மாமனார் தயங்கினார். "மாப்ள, வேன்ல அழைச்சிட்டு, நாளைக்கு அவங்க ஏதாவது சொல்லிக்காட்டினா..."

"அப்பா சொல்றது சரிதான் அத்தான்" என்றான் பிரபு. "ஏற்கனவே ஒருத்தருக்குப் பட்டது போதும்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். தியாகேசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது ஓட்டை டப்பா. இது ரதம். காருல எவன் வேணா வரலாம். இந்த வண்டியில ஏற குடுத்து வச்சிருக்கணும். வேன்ல அழைச்சாங்கன்னு கொறை சொல்றவன் மனுசனா? அப்படி எவனாவது பேசினா நான் கேக்குறேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள் அம்சம், மெதுவாக.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மழை இல்லை. நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, சோழ ரதம் பிள்ளையார் கோயிலிலிருந்து நகர்ந்து வந்தது. ஓட்டியது தியாகேசனேதான். மாப்பிள்ளைப் பையன் அரக்கு சோபாவில் ஜம்மென்று உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தான். மண்டப வாசலில் ஆரத்தி சுற்றி அவனை இறக்கியதும், வண்டியோடு படம் எடுக்கக் கூட்டம் நெருக்கியடித்தது. பட்டுக்கோட்டை சம்பந்திக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"எங்க ஊருல பத்துக் கல்யாணத்துல ஒம்போதுல ஒரே காருதாங்க வருது. இது தனி. எங்க புடிச்சீங்க இத?"

தியாகேசன் உள்ளே சோபாவில் சிதறிக் கிடந்த பூவை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கக் கதவுக்கு வந்தார். அதற்குள் கல்யாணத்துக்கு வந்திருந்த இப்ராஹிம் பாய் முந்திக்கொண்டார்.

"நம்ம மில்லுல கெடந்ததுதாங்க. நான் வாங்கினது இவரு மாமனார்கிட்ட. ரொம்ப வருசம் விதைநெல்லு ஏத்தின வண்டி. அப்ப நல்ல மஞ்சக் கலரு. அம்சம்தான் போன் பண்ணி, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க பாய், வீட்டுக்காரரு வருவாருன்னு சொல்லிச்சு."

படியில் ஒரு கால் வைத்திருந்த தியாகேசன் திடுக்கிட்டுத் திரும்பினார். டர்ரென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். புதுப் பட்டு வேட்டி. முழங்காலுக்கு மேலே. ஒரு சாண். அந்தக் கிழிசலை அவருக்கு நன்றாகத் தெரியும். கை தானாகப் போய்க் கழுத்தைச் சொறிந்தது.

"மாமனார் வண்டின்னா, அப்ப உங்களையும் மாப்பிள்ளை அழைச்சது இந்த வண்டியிலதானா?" என்றார் சம்பந்தி, விவரம் அறியாமல்.

மேளம் நின்றிருந்தது. அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். மாமனாரின் கை தோள் துண்டுக்குப் போயிற்று, தலை குனியத் தொடங்கியது. தியாகேசன் அதைப் பார்த்தார். இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்ததுதான். இன்றைக்குத்தான் அது வலித்தது. நெல்லு மூட்டை என்று ஆரம்பிக்கலாம் என்றால், குறை சொல்கிறவன் மனுஷனா என்று இதே கூட்டத்தின் முன்னால் கேட்டவரும் அவர்தான்.

"ஆமாங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார். "இதே வண்டியிலதான் மாமா என்னைய அழைச்சாங்க."

"குடுத்து வச்சவருங்க நீங்க."

மாமனாரின் கை துண்டை விட்டது. அவர் நிமிர்ந்தார். தன்னைவிட அவர் உயரம் என்பது தியாகேசனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எப்படியும் வண்டியைச் செய்தது அவர்தானே. கிழிசலை ஒரு கையால் பொத்திக்கொண்டு அம்சத்திடம் போனார்.

"ராஜகிரி பக்கம் போகாதீங்கன்னு நீதானடி சொன்ன?"

"போங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

அம்சம் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க, குத்திக்குங்க. வேட்டிய ஒழுங்கா கட்டத் தெரியாதவன்தான் அந்தக் கொக்கியில கிழிச்சுக்குவானாம். ஜாஃபர் தம்பிகிட்ட யாரோ சொன்னாங்களாம்."