கைடு அக்காவும் கியாக்தான் மீன்களும்

கைடு அக்காவுடன் ஒரு நாள் ஊர் சுற்றினால், பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் மொத்தமும் மறந்துபோகும். நான் மூன்று மாதம் சுற்றியவள்.

மதுரையிலிருந்து தொண்டு வேலைக்காகப் பர்மாவில் யாங்கோன் போய், கியாக்தானை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தொண்டு செய்ய வந்த நாங்கள் எல்லாரும் தங்கிய வீட்டில் அக்காதான் சமையல். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். கன்னம் நிறையத் தனாக்கா என்னும் வெளிர்மஞ்சள் மரப்பட்டைப் பூச்சு. விடிந்ததும் அலுமினியத் தட்டைக் கரண்டியால் அடித்து எழுப்புவார். எழுந்தால் மொஹிங்கா. மீன் குழம்பில் நூடுல்ஸ் மிதக்கும் அந்தப் பண்டத்தை இரண்டு கிண்ணம் முடிக்காமல் யாரும் வகுப்புக்குப் போக முடியாது.

"சயாமா, வயிறு காலியா கெடந்தா இங்கிலீசு எங்கேர்ந்து வரும்?" என்பார். சயாமா என்றால் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டியை வைத்துவிட்டுக் குடையை எடுப்பார், கைடாகிவிடுவார். யாரும் நியமிக்கவில்லை. யாராலும் நீக்கவும் முடியவில்லை. ஒருமுறை வட்ட ரயிலில் இன்சீனுக்குக் கூட்டிப்போய், பழைய ரயில் பட்டறையைக் குடையால் சுட்டிக்காட்டினார்.

"எங்க தாத்தா இங்கதான் ஒத்த ஆளா ஒரு எஞ்சினைத் தூக்கி வெச்சாரு."

"எந்த எஞ்சின்க்கா?"

"வெச்ச எடத்துலயேவா நிக்கும்? அது ஓடிப்போச்சு!"

திரும்பும்போது பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டோம். "வட்டமாத்தானே ஓடுது, மறுபடி வரும்" என்றார். வந்தது. மறுபடியும் விட்டோம்.

அவருடைய பெருமையெல்லாம் கியாக்தானில் ஆற்று நடுவே தீவில் நிற்கும் பகோடா மீதுதான். அங்கே மீன்கள் எருமைக்கன்று பருமனாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமாம். நாலு முறை எங்களைப் படகேற்றிவிட்டார். நாலு முறையும், "செருப்பை யாரு பாத்துக்கறது?" என்று துறையிலேயே நின்றுகொண்டார்.

என் கடைசி ஞாயிறன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கூட வந்தார்கள். அக்காவே வந்து மீன்களைக் கூப்பிட்டுக் காட்டியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அக்காவின் முகம் தனாக்காவையும் மீறி வெளுத்தது. என்னைத் தனியே இழுத்தார்.

"சயாமா, நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. தண்ணியப் பாத்தாலே எனக்கு உசிரு போயிரும்."

"அப்ப மீன் பேரெல்லாம்?"

"நானே வெச்சதுதான். இந்தப் புள்ளைங்க முன்னால மானத்த வாங்கிடாதீங்க."

"வயித்து வலின்னு சொல்லிடட்டுமா?"

பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். குடையை மடக்கினார். படகில் கால் வைத்தார். படகு ஆடியதும், எனக்கு அதுவரை கொடுத்துவந்த மரியாதை முதலில் ஆற்றில் விழுந்தது.

"அடியே, கையப் புடிடி! விட்டே, செத்தே!"

கண்களை இறுக மூடிக்கொண்டு, வலப்பக்கம் அது, இடப்பக்கம் இது என்று பிள்ளைகளுக்கு வழிநெடுகக் காட்சிகளை விளக்கிக்கொண்டே வந்தார்.

தீவில் பொரியை வீசினோம். கெளுத்தி மீன்கள் மொய்த்தன. எப்போதும் போலப் பெரியவைதான், ஆனால் எருமைக்கன்று இல்லை. பிள்ளைகள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மீன்களைப் பார்த்தார்.

"வெக்கமா இல்ல? நான் சொன்ன அளவுக்கு ஒண்ணாவது வளந்தீங்களா?"

பர்மிய மொழியில் ஒருமுறை அதட்டிவிட்டு, எனக்காகத் தமிழிலும் அதட்டினார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பருத்த மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. "வா மாணிக்கம், வா!" என்றார் அக்கா, ஒன்றும் நடக்காதது போல.

திரும்பும் படகிலும் என் கையைப் பிடித்திருந்தார். கரை வந்தது, பஸ் வந்தது, கிராமமும் வந்தது. அவர் விடவில்லை. மறுநாள் எனக்கு விமானம். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.