மஞ்சள் தடவிய தாளின் பின்பக்கம்

வேலை பார்க்கும் இடத்தில் பொய்யே சொன்னதில்லை என்பவர்கள் கையைத் தூக்கலாம். நான் தூக்கமாட்டேன். செய்யாத சோதனையைச் செய்ததாக டிக் அடித்து, அந்த ஒரு டிக்கால் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவள் நான்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். பல பேர் சேர்ந்து எழுதித் திருத்துகிற விக்கி பக்கங்கள் இருக்கின்றன அல்லவா? அதில் எந்த வரியைத் தொட்டாலும் அதன் ஓரத்திலேயே கருத்து எழுத ஒரு கருவியை எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கேட்பார், இன்னொருவர் அங்கேயே பதில் போடுவார். அதைக் குடைந்து குடைந்து தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். (வீட்டில் சும்மா செய்ததை இப்போது சம்பளத்துக்குச் செய்கிறாள் என்பார் அம்மா.) சோதனைப் பட்டியலின் கடைசி வரி, 'பிரிண்ட் எடுத்தால் கருத்துகள் வரக்கூடாது.' எங்கள் மாடியில் பிரிண்டர் பழுது. கீழே இறங்கிப் போகச் சோம்பல். டிக் அடித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பேராவூரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்புக் குடும்பம், பையன் சென்னையில் சிவில் இன்ஜினீயர். போட்டோவில் விறைப்பாக நிற்காமல், யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி நின்றிருந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே சிக்கல், ஆறு மாதத்தில் கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனி அனுப்புவதாக இருந்தது. இதைச் சொன்னதும் ஏற்கெனவே இரண்டு வரன்கள் நழுவியிருந்தன. ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் விவசாயம் பார்த்த அப்பாவுக்கு மூன்றாவதையும் விட மனசில்லை.

"அத பயோடேட்டால எழுதாத பாப்பா. கல்யாணம் ஆவட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்றார்.

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் போட்டோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். என் மேதாவித்தனம் சும்மா இருக்குமா? என் பயோடேட்டாவை ஆபீசுக்குத் தெரியாமல் எங்கள் கருவியில் ஏற்றி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கும் துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணனுக்கும் கருத்துச் சொல்ல அனுமதி கொடுத்தேன். "எல்லாம் நமக்குள்ளதான் சித்தப்பா. வெளில போகவே போகாது, நானே டெஸ்ட் பண்ணினது" என்று போனில் பெருமை வேறு.

இரண்டே நாளில் பக்கத்தின் ஓரம் கோரை மண்டிய வயலாகிவிட்டது. 'உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்' என்ற வரிக்குச் சித்தப்பா, "செருப்போடயா?" என்று கேட்டிருந்தார். 'அமைதியான குணம்' என்பதற்கு அண்ணன், "இது வேற யாரோ பொண்ணோடதா?" 'சமையல் நன்றாகத் தெரியும்' என்பதற்கு மறுபடி சித்தப்பா, "சாப்பிட்டவன் சொல்றேன், 'நன்றாக'வை எடுத்துடு."

வேலை பற்றிய வரியில்தான் விவகாரம் நீண்டது. சித்தப்பா, "ஜெர்மனி போறத ஏன் எழுதல?" நான், "அப்பா இப்ப சொல்ல வேண்டாம்னுட்டாங்க." அண்ணன், "நாளைக்கு அவங்க போகக்கூடாதுன்னா?" நான், "அவங்களக் கேட்டா வேலைக்குச் சேந்தேன்? மூணு வருஷம் ஒழைச்சு வாங்குன சான்ஸ். போவேன்."

அப்பாவுக்குக் கையில் பிடிக்கிற காகிதம்தான் காகிதம். பட்டுக்கோட்டை பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்தவரிடம் போனைக் கொடுத்தார். நான் முகவரியும் பாஸ்வேர்டும் சொன்னேன். அவர் தாளை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அச்சடித்துக் கொடுத்தார். அப்பா முன்பக்கத்தை மூன்று முறை படித்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு சேர்த்து, நல்ல நாள் பார்த்து அம்மாவுடன் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். நான் கேசரித் தட்டோடு வந்து நின்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "செருப்பு போடாமத்தானே நிக்கிற?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வாசிக்க ஆரம்பித்தபோது புரிந்தது. கருத்துகள் எல்லாம் எண் போட்டு, யார் எழுதியது என்ற பெயரோடு, வரிசையாக வந்திருந்தன. தரை பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தேன். மாப்பிள்ளை காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

ஒன்பதாவதாக ஜெர்மனி விவகாரம் வந்ததும் அந்த அம்மா வாசிப்பதை நிறுத்தி, தாளை அப்பாவிடம் நீட்டினார். "இத நீங்களே படிங்க."

அப்பா படித்தார். "தப்புதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்பா ஒருவர் முன்னால் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. அவர் குனிந்தது என் சோம்பேறித்தனத்தால்.

"சம்மதிச்சது நானுங்க. அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். "ஆனா போறது நெசம்."

"இங்க 'போவேன்'னு எழுதிருக்கியே, இப்பவும் அதேதானா?"

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ. வேலைக்கு ஆர்டரும் வந்திருந்துச்சு. கல்யாணம் பேசுறப்ப எங்க வீட்ல அதச் சொல்லல. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்னாங்க. அந்த அப்புறம் இன்னும் வரல." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, ரெண்டு வருஷம் நீயே ஆக்கித் தின்னுக்குவியா?"

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவங்க இங்கயே இருந்தாலும் நான்தாம்மா ஆக்கணும் போலருக்கு. சித்தப்பா எழுதிருக்காரே."

முதலில் சிரித்தது அப்பாதான். எனக்கு அழுகைதான் வந்தது, கேசரித் தட்டு கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் அந்தத் தப்பைப் பதிவு செய்தேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேனேஜர் பாராட்டாகக் கேட்டார். களச் சோதனை என்று சொல்லிவைத்தேன். கல்யாணம் நடந்தது. ஜெர்மனிக்கும் போனேன். ஏர்போர்ட்டில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மாமியார்.

சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். போன மாதம் நாத்தனார் மகளுக்கு ஒரு வரன். பையன் வீட்டார் வழவழ தாளில் கலரில் அச்சடித்த பயோடேட்டாவைக் கொடுத்தார்கள். மாமியார் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். வெறும் வெள்ளை.

"என்ன தம்பி, ஒண்ணுமே இல்ல?" என்று பையனிடம் ஒரு பேனாவை நீட்டினார். "சொல்லாம விட்டதெல்லாம் இதுல எழுதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையன் பேனாவை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுதினார்.