மேற்கே இரண்டு, கிழக்கே பன்னிரண்டு

பம்பாயில் தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி, கிழக்கே மாட்டுங்கா. மேற்கே இருப்பவர்கள் பேங்குக்கு வட்டி கட்டுகிறவர்கள். கிழக்கே இருப்பவர்கள் பேங்கிடம் வட்டி வாங்குகிறவர்கள். நடுவிலே ரயில் ஓடுகிறது, அதுக்கு மேலே ஒரு நடைபாலம். ஆண்டவனே இப்படிப் பிரித்து வைத்த பிறகு யாருக்கு என்ன புகார் இருக்க முடியும்? எலெக்‌ஷன் வருகிற வரைக்கும் ஒரு புகாரும் இல்லை.

எலெக்‌ஷன் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் எம்.பி. ஒருத்தர்தான், மாண்புமிகு ஆறுமுகநயினார். ஓட்டுக் கேட்டு முதலில் பேராச்சி வாசலுக்கு வந்தார். தாராவியில் இட்லி அவித்து மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய் விற்கிற பேராச்சி.

"அண்ணாச்சி, என் கிரைண்டர் செத்துப் போச்சு. பக்கத்து வீட்டுல கெஞ்சி அரைக்கேன், அதுவும் இந்த மாசத்தோட சரின்னுட்டா. புதுசு வாங்க லோன் கேட்டா, பேங்குக்காரன் சொல்லுத வட்டிக்கு நான் ஆயுசு பூரா அவனுக்குத்தான் மாவாட்டணும். அடுப்பு அணைஞ்சுதுன்னா நான் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்."

"கவலைப்படாத தாயி. வட்டியைக் குறைக்க நானாச்சு."

அங்கிருந்து பாலம் ஏறி இறங்கி சுப்ரமணியன் ஃப்ளாட்டுக்குப் போனார். சுப்ரமணியன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பேராச்சி இட்லிதான் அவருக்குக் காலை ஆகாரம்.

"நயினார் சார், எஃப்.டி. வட்டி குறைஞ்சுண்டே வரது. போன வருஷம் நாலு இட்லி சாப்பிட்டேன், இப்போ மூணு. அடுத்த வருஷம் வெறும் சாம்பாரைக் குடிக்கச் சொல்றேளா?"

"கவலைப்படாதீங்க சார். வட்டியை ஏத்த நானாச்சு."

ஒரே காலையில் வட்டியைக் குறைக்கவும் ஏற்றவும் வாக்குக் கொடுத்த மகான் வேறு எந்தத் தொகுதிக்கும் கிடைத்திருக்க மாட்டார்.

நாட்டுக்கு வட்டி நிர்ணயிக்கிற பெரிய வங்கிக்கு அப்போது தலைவராக இருந்தவர் வானமாமலை. நம்மாள். நம்மாள் ஒருத்தர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், பாராட்டு விழா எடுக்காமல் பம்பாய்த் தமிழனுக்குச் சோறு இறங்காது. மாட்டுங்காவில் மண்டபம் பிடித்தார்கள். மே மாதம், ஏ.சி. ரிப்பேர். இடது பக்கம் தாராவி உட்கார்ந்தது, வலது பக்கம் மாட்டுங்கா உட்கார்ந்தது.

எம்.பி. மைக்கைப் பிடித்தார். டி.வி. கேமரா தன்னைத்தான் பார்க்கிறது என்று உறுதி செய்துகொண்டு முழங்கினார்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! ஏழை எளியவர்களின் கடன் வட்டியைக் குறைப்பீர்களா, மாட்டீர்களா?"

இடது பக்கம் கைதட்டியது.

"முதியோர்களின் டெபாசிட் வட்டியை உயர்த்துவீர்களா, மாட்டீர்களா?"

வலது பக்கம் கைதட்டியது.

வானமாமலை பொறுமைசாலி. "ரெண்டும் ஒண்ணா முடியாதுங்க. கடன்காரங்க கட்டுற வட்டியிலேருந்துதானே டெபாசிட்காரங்களுக்கு..."

"தலைவருக்கு ஒரு பொன்னாடை!" என்றார் எம்.பி.

பொன்னாடை விழுந்தது. சாதாரணமாகப் பொன்னாடையை போட்டோ எடுத்த கையோடு கழற்றிவிடலாம். எடுக்கும் முன்னே கழற்றினால் போட்டவருக்கு அவமானம். போட்டோக்காரர் பிச்சையா, எம்.பி.யின் மச்சினர். "ஃப்ளாஷ் அடிக்கல மச்சான், கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பணவீக்கம்னு ஒண்ணு இருக்குங்க..."

"வடாலா கிளை சார்பாகப் பொன்னாடை!"

"கொள்கைக் குழு கூடித்தான்..."

"தேவ்நார் மகளிரணி சார்பாக!"

ஒவ்வொரு 'முடியாது'க்கும் ஒன்று விழுந்தது. கடைசியில் மேடையில் சால்வைக் குவியலும் அதுக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடியும்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஒரு டம்ளர் தண்ணி..."

"வட்டி?"

"ஆகட்டும். ரெண்டும் ஆகட்டும்."

பிச்சையாவின் ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: "பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலித்து, தண்டவாளத்துக்கு மேற்கே வழங்கப்படும் கடனுக்கு இரண்டு சதவீதமும், கிழக்கே பெறப்படும் டெபாசிட்டுக்குப் பன்னிரண்டு சதவீதமும் வட்டி நிர்ணயித்து ஆணையிடப்படுகிறது. தண்டவாளத்தின் மேல் நிற்பவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது."

பேராச்சிக்கு லோன் கிடைத்தது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கிரைண்டர் வாங்கப் பாலம் தாண்டி வந்தாள். வழியில் சுப்ரமணியன்.

"கிரைண்டரா? என்னம்மா நீங்க! கிரைண்டர் தேயும், மாவு புளிக்கும். பணம் புளிக்குமோ? மேற்கே ரெண்டுக்கு வாங்கினதைக் கிழக்கே பன்னிரண்டுக்குப் போடுங்கோ. சும்மா உட்கார்ந்திருந்தாலே பத்து மிச்சம்."

"அப்போ மாவாட்ட வேண்டாமா சாமி?"

"எதுக்கு ஆட்டணும்?"

இந்தக் கேள்விக்குப் பெரிய வங்கியிலேயே பதில் கிடையாது. பேராச்சிக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? அவள் கிரைண்டர் கடையைத் தாண்டி நேரே பேங்குக்குள் நுழைந்தாள்.

அவள் நுழைந்ததைப் பார்த்துத் தோல் பட்டறைக்காரர் நுழைந்தார், பானை செய்கிறவர் நுழைந்தார், தையல்காரர் மிஷினை விற்றுவிட்டு நுழைந்தார். மாட்டுங்காக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? மேற்கே கடன் வாங்க மேற்கே விலாசம் வேண்டுமே. பேராச்சியின் அணைந்த அடுப்படியை சுப்ரமணியன் வாடகைக்கு எடுத்தார். பாத்திரத்தை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, 'சுப்ரமணியன், அடுப்படி, தாராவி' என்று போர்டு மாட்டினார்கள்.

பாலத்தில் கால் வைக்க இடமில்லை. "ஏ, லைன்ல வாங்க, லைன்ல!" என்று தொண்டை கிழியக் கத்தின போலீஸ்காரர், இரண்டாம் நாள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் லைனில் நின்றார். உல்லாஸ்நகர்க்காரர்கள், "எங்க ஊருக்கு நடுவுலயும்தான் ரயில் ஓடுது, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று ஊர்வலம் போனார்கள். வடாலாக்காரர்கள் மோனோ ரயிலும் கணக்கில் சேருமா என்று விளக்கம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். பெரிய வங்கியோ, நாட்டிலேயே வேகமாக வளர்கிற தொகுதி இதுதான் என்று படம் போட்டு அறிக்கை விட்டது.

ஒரே ஒரு சின்னக் குறை. காலையில் இட்லி இல்லை.

சுப்ரமணியன் பாலத்தடியில் நின்று, "பேராச்சி, ஒரு இட்லிக்கு நூறு ரூபா தரேன்" என்றார்.

"நூறுக்கு அடுப்படியிலே நிக்கச் சொல்லுதீயளா? நான் லைன்ல நிக்கேன் சாமி, எடம் போயிரும்."

"ஐந்நூறு!"

"அதையும் டெபாசிட்ல போடுங்க."

இட்லிக்குப் பதில் பாவ் ரொட்டி கொண்டுவந்த பேக்கரிக்காரரும் மூன்றாம் நாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு லைனில் சேர்ந்துகொண்டார். கையில் பாஸ்புக்கோடும் வயிற்றில் ஒன்றுமில்லாமலும் இரண்டு கரையும் நின்றது.

எம்.பி. விடுவாரா? மறுபடி மண்டபம், மறுபடி கேமரா.

"தலைவர் அவர்களே! இட்லி விலை ஏன் ஏறியது? மக்களுக்குப் பதில் சொல்லுங்கள்!"

"ஏறலைங்க" என்றார் வானமாமலை. "இட்லியே இல்லை. இல்லாத பொருளுக்கு விலை கிடையாது. எங்க கணக்குப்படி இந்தத் தொகுதியிலே விலைவாசி பூஜ்யம். உலகத்திலேயே இப்படி ஒரு சாதனை..."

"நாங்க பட்டினிய்யா!" என்று இடது பக்கமும் வலது பக்கமும் கத்தின.

வானமாமலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ ஒண்ணு செய்யலாம். பழைய வட்டியே போதும், நாளைக் காலையிலே நான் அடுப்பு மூட்டுறேன்னு உங்களிலே ஒரே ஒருத்தர் கை தூக்குங்க. இந்த ஆணையை இங்கேயே கிழிச்சுப் போடறேன்."

இடது பக்கம் வலது பக்கத்தைப் பார்த்தது. வலது பக்கம் இடது பக்கத்தைப் பார்த்தது. சுப்ரமணியன் தரையைப் பார்த்தார்.

ஒரு கை மேலே வந்தது. பேராச்சி.

"சபாஷ் தாயி!" என்று எம்.பி.யே மைக்கைக் கீழே நீட்டினார். சுப்ரமணியனுக்குக் கண்ணும் வாயும் சேர்ந்து ஊறின. மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது.

"அடுப்பு கிடக்கட்டும் சார்" என்றாள் பேராச்சி. "அந்தப் பன்னிரண்டைப் பதினாலா ஆக்குவியளா? அதைச் சொல்லுங்க முதல்ல."

இடதும் வலதும் சேர்ந்து ஒன்றாகக் கைதட்டியது அன்றைக்குத்தான். சுப்ரமணியன் எழுந்து நின்று தட்டினார். வெகுநேரம் தட்டினார்கள். கை ஓய்ந்த பிறகுதான் கேட்டது, மண்டபம் முழுக்க வயிறு இரைகிற சத்தம்.